யாரும் எட்டிப் பார்க்காத குளமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நம் கோவைக் குளக்கரைகளைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பளிச்சென்று இருந்தன. 'பெரியகுளம்' என்று எழுதி மேலே வாலாங்குளத்தைக் காட்டியிருந்தீர்கள். போகட்டும், இரண்டிலும் இருப்பது தண்ணீர்தான். ஆனால் ஒரு வரியை மட்டும் மூன்று நாளாக விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "ஒரு காலத்தில் யாரும் எட்டிப் பார்க்காத இந்தக் குளக்கரை, இன்று கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை குடும்பத்தோடு எளிதாக நடக்கும் வாட்டர்ஃப்ரண்ட்."

ஒரே வரியில் இத்தனை தப்பைக் கட்டிவைக்கத் தனித் திறமை வேண்டும். எழுதிய தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 71. செல்வபுரத்தில் பிறந்து, மில்லில் 31 வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் நீச்சல் பழகியது குளத்தில்தான். எருமை குளித்த அதே தண்ணீரில் நாங்களும் குளித்தோம். துணி வெளுத்தவர்கள் இருந்தார்கள், வலை போட்டவர்கள் இருந்தார்கள், கரையில் புல் அறுத்துக் கட்டுக் கட்டாக மாட்டுக்குக் கொண்டுபோன பெண்கள் இருந்தார்கள். குளக்கரைகளில் தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைக் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பிய செய்தியை உங்கள் பத்திரிகைதானே போட்டது? அவர்கள் குளத்தை எட்டிப் பார்க்காமலா அங்கே குடியிருந்தார்கள்? காலையில் கதவைத் திறந்தாலே குளம்தான். ஆக்கிரமிப்பு என்றால் ஆக்கிரமிப்பு, அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஆளே இல்லாத இடம் என்று எழுதாதீர்கள்.

2013 உங்களுக்கு மறந்திருக்காது. மழை பொய்த்துப் பெரியகுளம் வெடித்துக் கிடந்தபோது, ஞாயிறுதோறும் ஊரே திரண்டு தூர் வாரியது. கல்லூரிப் பிள்ளைகள், வியாபாரிகள், டாக்டர்கள், எங்களைப் போன்ற மில்காரர்கள் எல்லாரும் வந்தோம். நானும் என் வீட்டம்மாவும் நாலு ஞாயிறு போனோம். நான் மண்வெட்டி, அவள் சட்டி. வெயில் ஏறுவதற்குள் கரைக்கும் குளத்துக்கும் எத்தனை நடை நடந்திருப்பாள் என்று கணக்கில்லை. எங்களோடு மண் சுமந்த கூட்டத்தைப் படம் எடுத்துப் போட்டவர்களும் நீங்கள்தான். அந்தத் தாளை அவள் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆனதும் அது "யாரும் எட்டிப் பார்க்காத" குளமாகிவிட்டதா?

இனி அந்த "எளிதாக" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

என் வீட்டம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, கூடவே சர்க்கரை. ஒன்றரை வருடமாகச் சக்கர நாற்காலிதான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவளே, "தாத்தா பாட்டி வரைக்கும் போலாம்னு போட்டிருக்கிறாங்க, போலாமுங்களா?" என்று கேட்டாள். அவளாக வாயைத் திறந்து ஓரிடத்துக்குப் போகலாம் என்று கேட்டு எத்தனையோ நாளாயிற்று. மகளும் பேரனும் வந்திருந்தார்கள். ஆட்டோ பிடித்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் இறங்கினோம்.

வாசலில் வரிசையாக இரும்புக் கம்பங்கள். பைக் உள்ளே வராமல் இருக்க நட்டிருக்கிறார்கள், சரிதான். பழைய தொழில் பழக்கம், என் பையில் எப்போதும் டேப் இருக்கும், அளந்து பார்த்தேன். கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி 55 சென்டிமீட்டர். நாற்காலியின் அகலம் 64. இதில் எளிது என்ன, கடினம் என்ன? 64 எந்தக் காலத்திலும் 55-க்குள் போகாது. நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பையன் பைக்கின் ஹேண்டிலைச் சாய்த்துத் திருப்பி லாகவமாக உள்ளே ஓட்டிக்கொண்டு போனான்.

காவலுக்கு இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. முதலில், "வண்டியெல்லாம் உள்ள விட மாட்டோமுங்க" என்றான். அது வண்டி இல்லை, அவளுடைய கால் என்று சொன்னதும் அவனுக்கே முகம் மாறிவிட்டது. "நான் ஒரு பக்கம் புடிக்கறனுங்க, தூக்கிக்கலாம்" என்றான். வீட்டம்மா, "வேண்டாங் கண்ணு" என்று சொல்லிவிட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, மூட்டையைப் போல இரண்டு பேர் தூக்கி இறக்குவதற்கா மனுஷி வீட்டை விட்டுக் கிளம்பி வந்தாள்? (எந்தக் குளம், எந்த வாசல் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் கம்பம் நட்டவருக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பிள்ளைக்குத்தான் வேலை போகும். அது உங்களுக்கும் தெரியும்.)

மகளும் பேரனும் உள்ளே போய்வந்தார்கள். நாங்கள் வெளியே சோளக்கதிர் விற்கிற அம்மாவின் பக்கத்தில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். டவுன் பஸ் புகைதான் எங்களுக்கு வாட்டர்ஃப்ரண்ட். பேரன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக, "அமுச்சி, உள்ள நாத்தம் அடிக்குது, நீங்க வராததே நல்லது" என்றான். ஆறு வயதுப் பிள்ளை, ஆறுதல் சொல்கிறானாம்.

மறுநாள் நான் தனியாகப் போய் வாசல் வாசலாகப் பார்த்தேன். ஒரு வாசலில் கம்பம் இல்லை, சாய்தளம் இருக்கிறது. ஓரடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டடி நீளத்துக்குச் சாய்வு போட வேண்டும் என்பது எந்தக் கட்டட மேஸ்திரிக்கும் தெரிந்த கணக்கு. இங்கே ஐந்தடியில் முடித்துவிட்டார்கள். ஏற்றினால் தள்ளுகிறவன் சாய்வான், இறக்கினால் உட்கார்ந்திருப்பவள் உருளுவாள். கழிப்பறைக்குப் பூட்டு. சாய்ந்து உட்கார முதுகு உள்ள பெஞ்சு இரண்டே இரண்டு, இரண்டிலும் செல்பி எடுக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இந்தக் கரைகளை அழகுபடுத்திய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் நம் கோவை இருபது ஊர்களில் ஒன்றாக வந்ததும் அதே 2016 ஜனவரியில்தான். இரண்டும் ஒரே வருடத்துப் பிள்ளைகள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை போலிருக்கிறது.

அந்த நாற்றத்தைப் பற்றி உங்கள் முழுப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. வெள்ளியங்கிரியில் பிறக்கிற நொய்யலின் தண்ணீர் சித்திரைச்சாவடி வாய்க்காலில் திரும்பிக் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி என்று ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வந்து, பெரியகுளம் நிரம்பி, மிச்சம் வாலாங்குளத்துக்குப் போகும். எங்கள் அப்பா இதை விரல் மடக்கிச் சொல்வார். இன்று மழை இல்லாத மாதத்திலும் தண்ணீர் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று கட்டுரை எழுதியவர் கேட்டாரா? ஆகாயத்தாமரை பச்சைப் பசேலென்று மண்டிக் கிடப்பதை "பசுமை" என்று எழுதியிருக்கிறார். சாக்கடை கலந்தால்தான் அது அப்படிச் செழிக்கும் ஐயா. பறவைகள் கண்ணுக்கு விருந்து என்றும் ஒரு வரி. ஓரமெல்லாம் கல் பதித்துச் சுவர் மாதிரி நிமிர்த்திவிட்டால் கூழைக்கடா நீந்தும், முக்குளிப்பான் முங்கும். ஓரச் சேற்றில் நின்று பொறுக்கித் தின்கிற சின்னக் கால் பறவைகள் எங்கே போய் நிற்கும்?

போகட்டும், நான் சொல்லித் தீர்வதா இது. குளத்துக்கரை என்ற நல்ல சொல் இருக்க வாட்டர்ஃப்ரண்ட் எதற்கு என்று போன வருடமே எழுதியிருந்தேன், போடவில்லை. உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தபோது, கீழே ரோட்டைக் கடக்கிற கிழவர்களைப் பற்றி எழுதினேன், அதையும் போடவில்லை. வாசகர் கடிதம் முன்பு அரைப் பக்கம் வரும், இப்போது ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் பக்கத்தில் நாலு விரல் இடம். இடப் பற்றாக்குறை புரிகிறது. 55 சென்டிமீட்டரில் எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை எந்தப் பூங்காவையாவது "எளிதான நடை" என்று எழுதினால், ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எந்த வாசலில் சக்கர நாற்காலி நுழையும், கழிப்பறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், எத்தனை அடிக்கு ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். எழுதுகிறவர் கையில் ஒரு டேப்பைக் கொடுத்து அனுப்புங்கள், என்னுடையதைக்கூடத் தருகிறேன். அந்தக் கம்பங்கள் தகடு வைத்து நாலு போல்ட்டில்தான் நிற்கின்றன. 19 நம்பர் ஸ்பேனர் போதும், ஒன்றே ஒன்றைக் கழற்றினால் வழி பிறந்துவிடும். அனுமதிக்க வேண்டியவரின் காதில் உங்கள் பத்திரிகை ஒரு வார்த்தை போட்டால், நானே வந்து கழற்றித் தருகிறேன்.

கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் நொய்யலை வெட்டிக்கொள்ளுங்கள், எங்கள் அப்பாவையும் வெட்டிக்கொள்ளுங்கள். அளவை மட்டும் விட்டுவையுங்கள்: இடைவெளி 55, நாற்காலி 64.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
செல்வபுரம், கோவை.