பானட்டுக்குள் ஒரு கோடை

மெல்பர்ன்,
பிப்ரவரி 22

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். ஆவணியில் பாப்பாவின் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். பந்தல் வேலை, சமையல்காரர் பின்னால் அலைவது எதையும் நீ ஒருவனாகச் சுமக்க வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: "என் எஸ்டீம் காருக்குக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் போடப் போகிறேன், எது நல்லது?" அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. இதைப் படித்து முடிக்கும் வரை எதையும் வாங்காதே.

நான் டிசம்பரில் வாங்கிய 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், மூடித் திறக்கும் ஹெட்லைட். முன்பு வைத்திருந்தவர் கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜின் அறைக்குள் ஒரு சிவப்புக் கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டியிருந்தார். மிதித்தால் காற்றை உறிஞ்சும் சத்தம் காதுக்குள் நிறையும். அந்தச் சத்தத்தை நான் சக்தி என்றே நம்பினேன்.

ஜனவரியில் பெனல்லா பக்கத்தில் உள்ள வின்டன் பந்தயத் தளத்துக்குப் போனேன். மூன்று கிலோமீட்டருக்குள் பன்னிரண்டு வளைவுகள். வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், அதனால் முன்பக்கம் காற்றோட்டம் குறைவு, இன்ஜினுக்கு ஓய்வே இல்லை. அன்று 36 டிகிரி வெயில். நான்காம் சுற்றில் மூன்றாவது கியரில் மிதித்தபோது பழைய இழுவை இல்லை. கூடவே, தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுங்குவது போல ஒரு சத்தம். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிக்கும் சத்தம். உடனே காலை எடுத்துவிட்டு ஓரம் கட்டினேன். இந்த இன்ஜினில் அதை உணரும் நாக் சென்சார் கிடையாது. புதிய வண்டிகளைப் போல இது தானாகத் தீப்பொறியைத் தாமதப்படுத்திக் கொள்ளாது. தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் விழ வேண்டியதை யாரோ 14-க்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். கொதிக்கும் காற்றை விழுங்கிக்கொண்டு 14 டிகிரியில் ஓடிய பிஸ்டன்கள் உடையாமல் இருந்ததே பெரிது. அங்கேயே 10-க்குக் கொண்டுவந்தேன். சத்தம் நின்றது, இழுவை மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபில்டரின் வாயருகே வெப்பம் அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கம்பியைக் கட்டி, மீட்டரைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினேன். வெளியில் 34 டிகிரி. எண்பதில் போகும்போது ஃபில்டருக்குள் நுழையும் காற்று 47. சிக்னலில் மூன்று நிமிடம் நின்றதும் 71. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வண்டியில் எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இடப்பக்கம். ஃபில்டரும் இடப்பக்கமே, ஒரு முழம் தள்ளி. ரேடியேட்டரைக் கடந்து வரும் வெந்த காற்றும் அதன் மேலேயே அடிக்கிறது. அடுப்பின் வாயில் மூக்கை வைத்து மூச்சு விடச் சொன்னது போல.

கணக்கு உனக்குத் தெரியாததல்ல. 30 டிகிரிக் காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறையும். ஆனால் சக்தி அப்படியே ஒன்பது சதவீதம் விழுவதில்லை. குளிர்ந்த காற்று உள்ளே போகும் வழியில் இன்ஜினின் சூடான சுவர்களிலிருந்து அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, ஆகவே பலன் ஏறக்குறைய பாதிதான். டைனோ என்னும் கருவியில் இன்ஜின் சக்தியை அளக்கிறவர்கள் வெப்பநிலையைத் திருத்தும்போது வர்க்கமூலம் எடுப்பது இதனால்தான். பாதி என்றாலும் என் வண்டிக்கு ஐந்து குதிரை. நாக்கிங் வராது என்பது அந்த ஐந்தைவிடப் பெரிய லாபம்.

முன்னால் வாயை வைத்துவிட்டால் வேகத்தில் காற்று தானாகத் திணித்துக் கொள்ளும், டர்போ மாதிரி வேலை செய்யும் என்று பலர் சொல்வார்கள், நம்பாதே. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் முழு அழுத்தமும் வளிமண்டலத்தில் அரை சதவீதம்தான். இருநூறில் போனாலும் இரண்டைத் தொடாது. ஆனால் அந்தச் சிறிய அழுத்தத்துக்கு வேறொரு பயன் உண்டு. வெளிக்காற்று எந்த இடத்தில் தானாக உள்ளே வர விரும்புகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

அதை அளக்க நாம் படித்த காலத்தில் ஆய்வகத்தில் செய்ததையே செய்தேன். வளைந்த கண்ணாடிக் குழாய்க்குப் பதில் மீன்தொட்டி பிளாஸ்டிக் குழாய், அதில் மஞ்சள் கலந்த தண்ணீர், ஒரு மரச்சட்டத்தில் அளவுகோலோடு கட்டியது. குழாயின் ஒரு முனை அளக்கும் இடத்தில்; அங்கே அழுத்தம் கூடினால் தண்ணீர் மட்டம் நகரும். அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நான் ஃப்ரீவேயில் சீராக நூறில் ஓட்ட, அவள் "முப்பத்தொன்று... முப்பது... முப்பத்திரண்டு" என்று மில்லிமீட்டரை வாசித்துக்கொண்டே வந்தாள். கணக்குப்படி அதிகபட்சம் 47 வரலாம். ரேடியேட்டருக்கு முன்னால், இடது ஹெட்லைட்டுக்கு அடியில் 31 கிடைத்தது. முன்கண்ணாடியின் அடியில் 20-க்கு மேல். அங்கேயும் அழுத்தம் கூடுதல்தான், சிலர் காற்றை அங்கிருந்து எடுப்பார்கள். பானட்டின் பின்விளிம்பைத் தூக்கி வைத்தால் சூடு வெளியேறும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஓடும்போது காற்று அந்த வழியாக உள்ளேதான் வரும். திரும்பி வரும்போது அவள், "அப்பா, காற்றைக் கண்ணால் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை" என்றாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஹெட்லைட்டுக்கு அடியிலிருந்து குழாய் எடுப்பது என்று முடிவானது. கூம்பு ஃபில்டர் அப்படியே இருக்கட்டும், அதைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி. தகடு வளைப்பது ஒரு மாலை வேலை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உயிர் இருப்பது பெட்டியின் மேல்விளிம்பு பானட்டோடு சேரும் இடத்தில். அங்கே ஒரு விரல் இடைவெளி விட்டால் ஃபில்டர் பக்கத்திலிருக்கும் சூட்டைத்தான் முதலில் குடிக்கும். ஆனால் பானட்டை மூடிய பிறகு உள்ளே கண் போகாதே, இடைவெளியை எப்படி அளப்பது? சப்பாத்தி மாவு கேட்டேன். விளிம்பு நெடுகச் சிறு சிறு உருண்டைகளாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பானட்டை மெதுவாக மூடித் திறந்தேன். நசுங்கிய உருண்டைகளின் கனத்தை ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டேன். ஒரு மூலையில் 6 மில்லிமீட்டர், எதிர்மூலையில் 19. அதற்கேற்பத் தகட்டை வெட்டி, கதவுக்குப் போடும் ரப்பர் பட்டையைப் பொருத்தினேன். இரவில் பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டுப் பானட்டைச் சாத்திக் கீழே படுத்துப் பார்த்தபோது ஓர் இடத்தில் மட்டும் நூலளவு வெளிச்சம். அதையும் அடைத்தேன்.

இன்னொரு குறை கீழே படுத்தபோது கண்ணில் பட்டது. இன்ஜினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு இல்லை. எந்தப் பட்டறையிலோ ஆயில் மாற்றக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அந்தத் தட்டு அழகுக்கு அல்ல. முன்வாயில் நுழைந்த காற்று ரேடியேட்டர் வழியாகவே போக வேண்டும், கீழே நழுவக் கூடாது, வெந்த காற்று சுற்றி முன்னால் வரக் கூடாது என்பதற்காக வைத்தது. பழைய தட்டு ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினேன். சிக்னலில் வெப்பம் ஏறுவது குறைந்ததில் பெட்டிக்கு எவ்வளவு பங்கோ, இந்தத் தட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

குழாய்க்கு வெப்பத்துணி சுற்ற வேண்டுமா என்று கேட்பாய். நிமிடத்துக்கு 6000 சுற்றில் இந்த இன்ஜின் நொடிக்கு 80 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு மீட்டர் குழாயைக் காற்று கடக்க நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட ஆகாது, அதற்குள் அது எவ்வளவு சூட்டை வாங்கிவிடும்? ஆனால் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது காற்று ஊர்ந்துதான் போகிறது, அப்போது குழாய் அதைச் சமைத்துவிடும். ஆகவே தெருவில் ஓடும் வண்டிக்குச் சுற்று. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குள் ஓடும் வெந்நீரை அடைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. நான் அதைத் தொடவில்லை. குளிர்ந்த இன்ஜின் காலையில் சீராக ஐடில் நிற்க அந்த வெந்நீர்தான் வழிகாட்டுகிறது.

போன சனிக்கிழமை மறுபடியும் வின்டன். 33 டிகிரி, டைமிங் அதே 10. ஓடும்போது உள்ளே போகும் காற்று 37. வரிசையில் நின்றபோது 49-ஐத் தாண்டவில்லை. சுற்று நேரத்தை நான் நம்புவதில்லை, அதில் என் கையும் காலும் கலந்திருக்கின்றன. மூன்றாவது கியரில் 3000-லிருந்து 6000 வரை ஏறும் நேரத்தைத்தான் எடுத்தேன். ஜனவரியில் டைமிங்கைத் திருத்திய பிறகு 8.9 நொடி, இப்போது 8.5. ஐந்து முறை எடுத்த சராசரி. சத்தம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. குறைந்த சத்தத்தில் கூடுதல் இழுவை வருவதை முதுகு உணரும்போது கிடைக்கும் நிறைவை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆகவே எஸ்டீமில் முதலில் கம்பெனிப் பெட்டியைக் கழற்றாதே. அதன் மூக்கு எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்று பார், அங்கே வெப்பத்தை அள. மூக்கு உடைந்தோ விலகியோ இருந்தால் அதைச் சரிசெய்வதே பாதி வேலை. ஃபில்டர் காகிதம் புதிதாக இருக்கட்டும். குழாயை நீட்டுவதாக இருந்தால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இரு: வாயைப் பம்பருக்குக் கீழே இறக்காதே. ஐப்பசி மழையில் அவிநாசி சாலைப் பாலத்தடியில் தண்ணீர் நிற்பதை நாம் பார்க்காததா? ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனால் போதும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

இதையெல்லாம் எழுதும்போது உன் அப்பாவின் அம்பாசிடர்தான் நினைவுக்கு வருகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது பர்லியாறு வருவதற்குள் நின்றுவிடும். பம்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்திருக்கும். அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கி, தோள்துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுவார். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். பானட்டுக்குள் தனியாக ஒரு கோடை இருக்கிறது என்று நமக்கு முதலில் காட்டியவர் அவர்தான். அந்தத் துண்டிலிருந்து எழும் ஆவியை நாம் இருவரும் கைகட்டி நின்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தெர்மோகப்பிளையும் குழாய்ச் சட்டத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள் வீடு தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்புவோம். கல்லாறு வரை நீ ஓட்டு, கால் வலித்தால் அங்கிருந்து நான் ஓட்டுகிறேன். மில்லிமீட்டர் வாசிக்க மகளும் வருவதாகச் சொல்லிவிட்டாள். தங்கச்சியிடம் காலையில் கொஞ்சம் சப்பாத்தி மாவு எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்