சலவன்பேட்டை ஆட்டோக்கார அண்ணனுக்கு

30 ஆண்டுகள் கழித்து, சித்திரை வெயிலில், நாங்கள் வாழ்ந்த தெருவைப் பார்க்க அம்மாவை வேலூருக்கு அழைத்துப் போனேன். சலவன்பேட்டையில் மூன்று திருப்பத்திலேயே வழி தவறியது. அம்மாவுக்குத் தலை சுற்றியது.

கூப்பிடாமலே ஆட்டோவை நிறுத்தினீர்கள். மோர் வாங்கிக் கொடுத்தீர்கள். வீடு வீடாக விசாரித்து, அந்தப் பழைய திண்ணையைக் கண்டுபிடித்தும் விட்டீர்கள். அம்மா அங்கே உட்கார்ந்து, மடியில் முறம் இருப்பதுபோல, பீடி இலையில் புகையிலைத் தூள் வைத்து உருட்டி நூல் சுற்றுவதை வெறும் விரல்களால் செய்து காட்டினார். கட்டுக்கு 25 பீடி. "எங்கள் அம்மாவும் இதே வேலைதான்" என்றவர், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

காத்திருந்ததற்குக் காசு வாங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பெயர் கேட்கவும் மறந்தேன், அண்ணா. ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு டப்பா, உங்களுக்கென்று அம்மா எடுத்து வைத்திருக்கிறார்.