நனைஞ்சு வந்த 11 மூட்டை அரிசி, நஷ்டம் மட்டும் எனக்கும் விவசாயிக்குமா?

கஸ்டமர் கேர்ல இதைப் படிக்கிறது சாரோ மேடமோ, வணக்கம்.

நான் திருவல்லிக்கேணில சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன், மேன்ஷன் பசங்கதான் வாடிக்கை. உங்க ஆப்ல போன மாசம் 30 மூட்டை பழைய வெள்ளைப் பொன்னி ஆர்டர் போட்டேன். 26 கிலோ மூட்டை, 2022ல 25 கிலோ வரைக்கும் உள்ள மூட்டை அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததுல இருந்து 25 போய் 26 ஆனதுதான் தெரியுமே. மூட்டை 1,560ன்னு மொத்தம் 46,800 ரூபா முன்கூட்டியே கட்டிட்டேன். அதுக்கு மேல "போக்குவரத்து, பாதுகாப்பு"ன்னு மூட்டைக்கு 45 ரூபா வேற வாங்குனீங்க, சரி நேரா விவசாயிகிட்ட இருந்து வருது, பழைய அரிசி, குழையாம உதிரியா வரும்னு நானும் வாயைத் திறக்கல.

மன்னார்குடி பக்கத்துல திங்கக்கிழமை சாயந்தரம் லோடு ஏத்தியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. ஒரு ராத்திரி ஓட்டம், செவ்வாய் வந்திருக்கணும். வந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு, கொட்டுற மழையில, ஒரு குட்டியானைல. டிரைவர் தம்பிகிட்ட கேட்டா, "பெரிய லாரி செங்குன்றத்துல 3 நாளா நின்னுச்சுக்கா, நெல்லூர் லோடு ஒன்னு வரணும், அதையும் சேர்த்துப் பிரிச்சு அனுப்பணும்னாங்க, தார்ப்பாய் வேற கிழிசல்"ங்குறான். என் வீட்டுக்காரர் 30 மூட்டைன்னு எண்ணிப் பாத்து கையெழுத்து போட்டார். எண்ணிக்கைக்கு போட்ட கையெழுத்து சார் அது, அந்த இருட்டுல மழையில ஒவ்வொரு மூட்டையா பிரிச்சா பாக்க முடியும்? காலையில பாத்தா 11 மூட்டை அடியில ஈரம், அரிசி கட்டி கட்டியா இருக்கு, வாடை. 7 மணிக்கெல்லாம் போட்டோ அனுப்பிட்டேன்.

பத்து நாள் இழுத்தடிச்சு நீங்க குடுத்த பதில் என்ன? மழை இயற்கைச் சீற்றம், அதனால கம்பெனி பொறுப்பில்ல, இருந்தாலும் நல்லெண்ணத்துல பாதிப் பணம் தர்றோம்னு 11 மூட்டை விலை 17,160ல 8,580 போட்டு விட்டீங்க. ஐப்பசில மெட்ராஸ்ல மழை பெய்யும்னு பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு தெரியும், லாரி ஓட்டுற கம்பெனிக்கு தெரியாதா?

சரி போகட்டும்னு விட்டிருப்பேன். மூட்டைக்குள்ள விவசாயி நம்பர் போட்ட சீட்டு ஒன்னு வெப்பீங்கல்ல, அதைப் பாத்து அரிசி எப்படி ஏத்துனீங்கண்ணேன்னு கேக்கத்தான் அந்த அண்ணனுக்கு போன் பண்ணேன். அவர் சொல்றாரு, "தரக்குறைவுன்னு எனக்கு 8,580 புடிச்சுட்டாங்கம்மா". அப்போ என்கிட்ட நல்லெண்ணம்னு குடுத்த காசு அவர் பாக்கெட்டுல இருந்து வந்தது! நான் பாதி, அவர் பாதி, லாரியை நிறுத்தி வெச்ச நீங்க பூஜ்யம். ரிஸ்க்கை பகிர்ந்துக்கறதுன்னா உங்க ஊர்ல இதுதானா? அவர் ஏத்துனப்போ உங்க ஆளே மெஷின் வெச்சுப் பாத்து ஈரப்பதம் 13 சதவீதம்னு எழுதிக் குடுத்த சீட்டு அவர்கிட்ட இருக்கு. அரசாங்கமே அரிசிக்கு 14 வரைக்கும் ஒத்துக்குது. ஏறுனப்போ நல்லா இருந்த அரிசி உங்க கையில இருந்தப்பதான் கெட்டுப் போச்சு.

எனக்கு வாடிக்கையா அரிசி போடுற செங்குன்றம் மண்டிக்காரர் ஆப்பும் வெக்கல ஒன்னும் வெக்கல, ஒரு மூட்டை நனைஞ்சிருந்தா அடுத்த லோடுல மாத்திக் குடுத்துட்டு போயிட்டே இருப்பார். அவரை விட்டுட்டு உங்ககிட்ட வந்தேன் பாருங்க.

என் மெஸ்ல சாப்பிடுற ஒரு தம்பி ஐகோர்ட்ல ஜூனியர் வக்கீலா இருக்கான். 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்துல 26ம் பிரிவுலயே இருக்காம், டெலிவரி யாரால லேட் ஆச்சோ, அந்த லேட்டால வந்த நஷ்டம் அவங்க தலையிலதான்னு. சரக்கு ஏத்திட்டுப் போறவங்களுக்கு 2007ல தனிச் சட்டம் இருக்கு, புக்கிங் பண்ண 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னும் சொன்னான். இந்த லெட்டரையே அந்த நோட்டீஸா வெச்சுக்கோங்க. கடைக்காரங்க நுகர்வோர் ஆக மாட்டாங்கன்னு உங்க மேனேஜர் போன்ல சொன்னார், சொந்தப் பொழைப்புக்கு தொழில் பண்றவங்களும் நுகர்வோர்தான்னு அவருக்கு சொல்லிடுங்க.

எனக்கு மீதி 8,580 வரணும், அந்த அண்ணன்கிட்ட புடிச்ச 8,580 அவர் கணக்குக்கே திரும்பப் போகணும். அவருக்குப் போகாம எனக்கு மட்டும் அனுப்புனா நான் வாங்க மாட்டேன். லாரில ஏறுன பிறகு நனைஞ்சா யார் பொறுப்புன்னு இனிமே பில்லுலயே தமிழ்ல போடுங்க, மூட்டைக்கு 45 ரூபா எதைப் பாதுகாக்கன்னும் அப்படியே சேர்த்து எழுதிடுங்க.

11 மூட்டையும் பின்கட்டுல அப்படியே கெடக்கு, நாத்தம் தாங்கல. சனிக்கிழமைக்குள்ள வண்டி அனுப்பி எடுத்துக்கோங்க. மத்தியானம் 12ல இருந்து 3 மணி வரைக்கும் மட்டும் வர வேணாம், பந்தி நடக்கும்.