'இன்னும் ரியலா வரணும்' என்றால், எங்கே என்று சொல்லுங்கள்

எங்கள் இன்டீரியர் பயிற்சி நிலையத்தின் ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை ரிவ்யூவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் நாங்கள் செய்த அறைப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போயின. எல்லாருக்கும் கிடைத்தது ஒரே வரி: 'இன்னும் ரியலா வரணும்.' வரவில்லை என்பது எங்கள் கண்ணுக்கே தெரிகிறது. ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் உங்களிடம் படிக்க வருகிறோம்.

குறை வெளிச்சத்திலா, மெட்டீரியலிலா, கேமராவிலா என்று தெரியாததால் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றுகிறோம். படத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் வி-ரே சாஃப்ட்வேரில் சூரியனைக் குறைக்கிறோம், சோபாவை மாற்றுகிறோம், கேமராவை இறக்குகிறோம். மாற்றியதைப் படமாக்கும் ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடுகிறது. ஒற்றை அறை வீட்டில் அந்த லேப்டாப் இரைச்சலுக்குப் பக்கத்தில்தான் மற்றவர்கள் படுக்க வேண்டும். பேட்டரி போன லேப்டாப் என்றால், கரண்ட் போனதும் ரெண்டரும் போச்சு. விடிந்து பார்த்தால், முன்பு நன்றாக இருந்ததும் கெட்டிருக்கும்.

எங்கள் தெருவில் தச்சு வேலை பார்க்கும் அண்ணனிடம் ரிவ்யூவுக்குக் கொடுத்த அதே படத்தைக் காட்டினேன். வார்ட்ரோப் மேல் விரலை வைத்தார். "மைக்கா ஷீட்டுல மர ரேகை ஏன்மா படுத்திருக்கு? கதவுக்கு நிக்கணும். அப்புறம், பத்தடி உயரத்துக்கு ஒரு ஜாயின்ட் கூட இல்லையே. ப்ளைவுட் எட்டடிக்கு நாலடிதானே வருது?" டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டிய மர டிசைனைத் திருப்பி, எட்டடியில் கோடு போல ஒரு குரூவ் கொடுத்தேன். காகிதம் ஒட்டியது போல் இருந்தது மரமாகிவிட்டது. அவருக்கு வி-ரே என்றால் என்னவென்றே தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கே, ஏன், எதை முதலில் திருத்துவது. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். 'சுவருக்கு 255, அதாவது முழு வெள்ளை வைக்காதே, நிஜப் பெயின்ட் பட்ட வெளிச்சத்தை முழுக்கத் திருப்பி அனுப்பாது.' 'மேசை விளிம்பின் கூர்மையைக் கொஞ்சம் சீவி சேம்ஃபர் கொடு, அப்போதுதான் அங்கே வெளிச்சம் பிடிக்கும்.' இப்படி ஒரு வரி சொன்னால் ஒரு ராத்திரி மிச்சம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீங்கள் தரும் மாதிரிகள் எல்லாமே கண்ணாடிச் சுவரும் தோட்டமும் வைத்த வில்லாக்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பல வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவர் பச்சையென்றால் உள்ளே வரும் வெளிச்சத்திலும் பச்சை ஏறும். பட்டப்பகலில் டியூப்லைட் எரியும். அப்படி ஒரு ஹாலைச் செய்து வந்தால் 'டல்லா இருக்கு' என்கிறீர்கள். கேமரா வாங்கும் வெளிச்சம், அதாவது எக்ஸ்போஷர் தவறா, அறையே அப்படித்தானா? அதைச் சொல்லுங்கள். இங்கேயும் வீடு கட்டுகிறார்கள், கடன் வாங்கி உள்வேலை செய்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்குத்தான் நாங்கள் படம் செய்து கொடுக்கப் போகிறோம்.

கட்டணத் தவணை தள்ளிப்போனால் எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று பிசகாமல் மெசேஜ் வருகிறது. எங்கள் படங்களுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

கோபமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைகளைப் பார்த்துத்தான் இங்கே சேர்ந்தோம். வரும் ரிவ்யூவில் ஒவ்வொரு படத்தின் மேலும் இரண்டே இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, எங்கே, ஏன், எது முதலில் என்று எழுதித் தாருங்கள். ஒரே நாளில் முடியாதென்றால் பாதிப் பேரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி,
பழைய வண்ணாரப்பேட்டை