எம்.பி.யை நேர்ல பாத்தேன்பா

அப்பா, நல்லா இருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? லண்டன்ல குளிர் ஆரம்பிச்சாச்சு. போன்ல பாதியில விட்டதை முழுசா எழுதுறேன், அரசியல்னா நீங்க விட மாட்டீங்களே.

வாடகை வீட்டு சுவர் பூரா ஈரம் ஏறி பூஞ்சை, ஓனர் கண்டுக்கவே இல்ல. கூட வேலை பாக்குற அக்கா எம்.பி.யை போய் பாருன்னாங்க, எனக்கு சிரிப்பு, எம்.பி.ன்னா வேன்ல நின்னு கும்பிட்டுட்டு போற ஆளு தானே நமக்கு. சரின்னு மெயில் போட்டா போஸ்ட்கோடு மட்டும் தான் கேட்டாங்க, அவங்க தொகுதி ஆளுக்கு மட்டும் தான் செய்வாங்களாம், எந்த கட்சின்னு கேக்கல. வெள்ளிக்கிழமை லைப்ரரில ஒரு சின்ன ரூம், பிளாஸ்டிக் சேர், நோட் எடுக்க ஒரு பொண்ணு, பொன்னாடை அல்லக்கை எதுவும் கிடையாது. போட்டோவெல்லாம் பாத்துட்டு கவுன்சிலுக்கு, அதான் நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி, லெட்டர் எழுதுறேன்னாங்க. உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் இல்ல, லெட்டர் தான், ஆனா எம்.பி. லெட்டரை யாரும் சும்மா ஓரமா போட்டுட முடியாதாம்.

வாசல்ல பையை திறந்து பாத்தாங்க. 2016ல ஜோ காக்ஸ்னு ஒரு எம்.பி. இப்படி ஜனங்களை பாக்க வந்த இடத்துல தான் கொலை ஆனாங்க, 2021ல டேவிட் அமெஸை சர்ச்சுக்குள்ள, ஜனங்களை பாக்க வந்தப்பவே குத்திட்டான். அப்புறம் பாதுகாப்பு கூடிருச்சு, ஆனா பாக்குறதை நிறுத்தல, அது தான் எனக்கு பெரிசா பட்டுச்சு.

அதுக்காக வெள்ளைக்காரன் ஒசத்தின்னு சொல்ல வரலப்பா. இங்க 650 எம்.பி., ஒருத்தருக்கு சுமாரா 70,000 வாக்காளர். தமிழ்நாட்டுல 2024 தேர்தல்ல 39 பேருக்கு 6 கோடிக்கு மேல, தலைக்கு சுமாரா 16 லட்சம், எந்த மனுஷன் உக்காந்து கேப்பான்? நம்ம ஆளுங்க கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வீடு தேடி வர்றாங்க, இங்க அதெல்லாம் நடக்காது. ஆனா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்க உக்காந்திருக்கறது நம்மகிட்ட ஓட்டு வாங்கின ஆள் இல்லையே, அது தான் உறுத்துது, எம்.எல்.ஏ.வாவது ஒரு கிழமை, ஒரு இடம்னு சொல்லி உக்காரலாம்ல.

காமன்வெல்த் நாட்டு ஆளுங்கறதால இந்திய பாஸ்போர்ட் வச்சுகிட்டே 2024 ஜூலைல இங்க ஓட்டு போட்டேன். நான் பாத்த இந்த எம்.பி. அம்மாவுக்கு போடல, அது அவங்களுக்கு தெரியாது.

ஓனர் ஆள் அனுப்பி சுவரை பாத்திருக்கார், வேலை இன்னும் தொடங்கல. நீங்க பட்டா விஷயமா திங்கக்கிழமை போறப்ப மனு ரசீதை போட்டோ எடுத்து அனுப்புங்க, நம்பரை வச்சு நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்.