ஷிப்ட் கொடுக்காமல் அனுபவம் கேட்காதீர்கள்

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். இந்தப் பகுதி ரசாயன ஆலை ஒன்றின் லேப்பில் வேலைக்குச் சேர்ந்து, தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மகளிர் தினத்துக்கு நீங்கள் கொடுக்கும் ரோஜாவையும் ஸ்வீட் பாக்ஸையும் வருஷா வருஷம் வாங்கியிருக்கிறேன். சந்தோஷம். இப்போது வேறொன்று கேட்கிறேன்.

உங்கள் ஆலைகளில் எத்தனை பெண்கள் பிளான்ட் ஹெட்டாக, அதாவது ஆலையின் தலைமைப் பொறுப்பில், இருக்கிறார்கள்? நான் வேலை பார்த்தவரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. கேட்டால், "புரொடக்‌ஷன் அனுபவம் உள்ள பெண்கள் கிடைக்கவில்லையே" என்பீர்கள். எப்படிக் கிடைப்பார்கள்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரே நாளில் ஒரு பையனும் பெண்ணும் வேலைக்கு வருவார்கள். அவன் ரசாயனம் தயாராகும் ரியாக்டர் பக்கம் போவான், அவள் லேப்புக்கோ டாக்குமென்டேஷனுக்கோ போவாள். அவன் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகி, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பேட்ச் (ஒரு தடவைத் தயாரிப்பு) கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்வான். பத்து வருஷம் கழித்து மேனேஜர் பதவி வரும்போது அவளிடம், "உனக்கு பிளான்ட் தெரியாதேம்மா" என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஒவ்வொரு பேட்சிலும் என்ன பிழை என்று சொன்னவள் நான்தான், ஆனாலும் எனக்கு பிளான்ட் தெரியாதாம்!

சட்டம் தடுக்கிறது என்ற சாக்கு பழசாகிவிட்டது. பெண்களை இரவில் வேலை வாங்கக்கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு சொன்னது உண்மைதான். அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வாகன வசதி, ஓய்வறை, பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது. ஆக, தேவைப்படுவது ஒரு வேன், ஒரு பூட்டுள்ள அறை, பெண்கள் துணையோடு வேலை பார்க்கும்படி போட்ட ஒரு ஷிப்ட் அட்டவணை. இரவு ஷிப்ட் முடித்த பெண்ணை முதுநகரிலோ கன்னியக்கோவிலிலோ வீட்டு வாசலில் இறக்கிவிடும் டீசல் செலவு, ஒரு ஆடிட்டர் விருந்துச் செலவைவிடக் குறைவு.

"வீட்டில் விடமாட்டார்கள்" என்பது அடுத்த பதில். யாரைக் கேட்டீர்கள்? ஜிப்மரில் விடிய விடிய நர்சுகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் இதே ஊர்களின் மகள்கள், மருமகள்கள்தான். விருப்பமில்லாதவர் மறுக்கட்டும். கேட்காமலே நீங்கள் மறுக்க வேண்டாம்.

பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண்ணின் கதை இன்னொன்று. 26 வார விடுப்பு 2017-லிருந்து சட்டம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-யின் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் இன்ஜினியருக்கு அந்தச் சம்பளம் முழுக்க உங்கள் தலையில்தான் விழுகிறது. அந்தப் பாரத்தை அரசும் பகிர வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் விடுப்பு முடிந்து வருபவளின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதும், அந்த வருஷ அப்ரைசலில் அவளுக்குக் கடைசி கிரேடு விழுவதும் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? குழந்தைகள் காப்பக விஷயமும் அப்படித்தான். முன்பு முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்பதால், கணக்காக அதற்குக் கீழேயே பெண்களை நிறுத்திக்கொண்ட ஆலைகள் உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு மொத்த ஊழியர்கள் 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும். அந்தக் கணக்கு இனி செல்லாது.

மேலே, இயக்குநர் குழுவுக்கு வருவோம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது 2013 கம்பெனிகள் சட்டம். உடனே பல இடங்களில் முதலாளியின் மனைவியோ மகளோ மருமகளோ இயக்குநர் ஆனார்கள். குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணாவது வரட்டும் என்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி தனியாக விதி போட வேண்டியிருந்தது. சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் அது வந்தது. மருமகள்கள் திறமைசாலிகளாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் லேப்பிலிருந்து ஒருத்தி அந்த அறைவரை ஏறிவர ஏணி எங்கே?

முக்கிய முடிவுகள் ஆபீசில் எடுக்கப்படுவதும் இல்லை. புதுச்சேரியில் சாயங்காலம் தொடங்கும் 'மீட்டிங்'குகள் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை எங்களுக்கு முடிவு மட்டும் வரும்.

கடலூர் மாநகராட்சியின் முதல் மேயராக 2022-ல் சுந்தரி ராஜா வந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியதால் எத்தனையோ பேருக்குக் கதவு திறந்தது. கம்பெனிகளில் ஒதுக்கீடு வேண்டும் என்று நான் இங்கே கேட்கவில்லை. (அது வந்தால் வருத்தப்படவும் மாட்டேன்.)

நான் கேட்பது ஒரு தாள். ஐந்து வருஷமாக நீங்கள் வேலைக்கு எடுத்த இன்ஜினியர்களில் பெண்கள் முதல் வருஷம் எந்தத் துறைக்குப் போனார்கள், கூடச் சேர்ந்த ஆண்கள் எங்கே போனார்கள், இன்று யார் எந்தப் பதவியில் இருக்கிறார்கள். எச்.ஆர். அரை நாளில் எடுத்துத் தந்துவிடுவார். அடுத்த ஏப்ரல் பதவி உயர்வுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், அந்தத் தாளை இயக்குநர் குழுவில் வையுங்கள். அப்புறம் இந்த வருஷம் சேரும் பெண்களில் இருவரையாவது நேராக ஷிப்டுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்,
கடலூர் முதுநகர்