கால் தரையில் இருக்கிறதா, தம்பி?

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ரயிலில் நெஞ்சு படபடத்து, விரல் நுனியெல்லாம் மரத்து, விழுந்துவிடுவோம் என்று பயந்து பாதி வழியில் இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்றாயே, அந்த பெஞ்ச்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஈசிஜி எடுத்து, ரத்தமும் பார்த்து, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, இது பதற்றம்தான் என்று அந்த டாக்டர் சொன்னது பெரிய நிம்மதி. ஆனால், "சும்மா மனசுதானாம்மா" என்று நீ வெட்கப்பட்டுச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா எல்லாம் இல்லை. உன் உடம்பு நிஜமாகவே அந்தப் பாடு பட்டிருக்கிறது.

பயத்தில் மூச்சு வேகமாக வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரப்பதும், உதட்டோரம் குறுகுறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமாக மூச்சு. நர்ஸ் வேலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடி வந்த எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். உன் கையைப் பிடிக்கத்தான் அங்கே நான் இல்லை.

வார்டில் நாங்கள் மூச்சு எண்ணும் விதத்தை உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று நோயாளியிடம் சொல்லவே மாட்டோம். சொன்ன அடுத்த நொடி அவர் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்தபடி, கண்ணை மட்டும் அவர் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தில் வைத்து, முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவோம். பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை இருந்தால் சரி. 32 வருஷம் இப்படி ஊரார் மூச்சை எண்ணிய நான், என் மூச்சைத் திரும்பிப் பார்த்தது அப்பா போன பிறகுதான்.

நீ காரியம் முடிந்து கிளம்பிப் போன வாரம் அது. தினமும் விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். தியானம் செய்தால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்களே என்று கண்ணை மூடி மூச்சைக் கவனித்தேன். கண்ணை மூடினால் ஐசியூ மானிட்டர் சத்தம்தான் கேட்டது. படபடப்பு கூடித்தான் போனது. ஒருநாள் தாங்க முடியாமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போய் நின்றேன். நம் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரை விடிகாலையில் எப்படிச் சில்லிட்டுக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். வெறுங்காலில் அந்தக் குளிர் ஏறியது. குதிகாலில் ஒரு மாதிரி, விரலடியில் ஒரு மாதிரி. அடுப்பு மேடைக்குக் கீழே தரை வெடித்திருக்குமே, அந்தக் கீறல் இடது கட்டைவிரலில் பட்டது. அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். பிறகு பால்காரர் சைக்கிள் மணி கேட்டது. மணி ஐந்து ஆகியிருந்தது.

உன் கவுன்சிலர் கிரவுண்டிங் என்று சொல்லிக் கொடுத்தது இதைத்தான். படபடப்பு வந்தால் சுற்றிலும் பார்ப்பது ஐந்து, தொடுவது நான்கு, கேட்பது மூன்று, வாசனை இரண்டு, ருசி ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கவனித்துச் சொல்ல வேண்டும். ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இருக்கிறது என்று நீ சலித்துக்கொண்டாய். தம்பி, அதை ஒப்பிக்காதே. "கம்பி, ஜன்னல், விளக்கு" என்று பேரை மட்டும் சொல்லி ஓடினால் ஒன்றும் ஆகாது. ஒன்றை எடுத்தால் அதிலேயே கொஞ்சம் நில். பிடித்திருக்கும் கம்பி குளிர்கிறதா, வழவழப்பா, பெயிண்ட் உரிந்திருக்கிறதா, உன் கைச்சூட்டில் அது சூடாகிக்கொண்டு வருகிறதா, அந்த அளவுக்குப் பார். மார்ச்சில் வேலை ஒப்பந்தத்தை நீட்டுவார்களா என்ற கேள்வி நடுவில் வரும். வரட்டும். அதனோடு மல்லுக்கு நிற்காமல் திரும்பக் கம்பிக்கு வா. 2010-ல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் செய்த ஆய்வில், முழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, 46.9 சதவீதம், மனசு செய்கிற வேலையை விட்டு வேறெங்கோதான் இருந்ததாம். உன் மனசு மார்ச்சுக்குப் போவது உன் குறை இல்லை.

படபடப்பு வரும்போது கண்ணை மூடாதே. இது என் அனுபவத்தில் சொல்வது. முதலில் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்து, ஷூவுக்குள் விரலை மடக்கி விரி. அதற்கப்புறம் மூச்சு. அதையும் பெரிதாக இழுக்காதே, வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீட்டி விடு. சின்ன வயதுக்காரர்களுக்கு நாடி பிடித்தால் நன்றாகவே தெரியும்: மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், வெளியே வரும்போது தணியும். உன் மணிக்கட்டிலேயே பிடித்துப் பார்.

அப்பா போனதற்கு அடுத்த வருஷம், சென்னைப் பக்கம் திருமுடிவாக்கம் விபாசனா தியான மையத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், யாரோடும் பேச்சு கிடையாது, காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைப் பார்ப்பது மட்டும்தான். இழுக்காதே, அடக்காதே, வருகிறபடி பார் என்றார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், வார்டில் மணிக்கட்டைப் பிடித்தபடி திருட்டுத்தனமாக எண்ணுவோமே, அந்த ஞாபகம் வந்தது. மூச்சுக்கே தெரியாமல் மூச்சைப் பார்க்கிற அந்தப் பழக்கம் என் கைக்கு வரும். அழுகை வந்துவிட்டது. நீ இப்போதே அப்படிப் போய் உட்கார வேண்டாம். கவுன்சிலரைத் தொடர்ந்து பார், நாலு மாதம் போகட்டும், அவரிடமும் கேட்டு முடிவு செய்யலாம்.

தினமும் ஒரு பொழுதாவது, பயம் இல்லாத நேரத்தில் பழகு. பல் தேய்க்கும்போது போதும். நல்ல நாளில் பழகினால்தான் அந்த நேரத்தில் கை கொடுக்கும். இன்னொன்று: வலி நெஞ்சிலிருந்து கைக்கோ தாடைக்கோ போனால், வேர்த்துக் கொட்டினால், இது எதையும் செய்துகொண்டிருக்காதே. முதல் தடவை ஒன்றும் இல்லை என்றார்களே என்று யோசிக்காமல் 112-க்கு அடி.

உன் அறையில் கார்ப்பெட் போட்டிருப்பதாகச் சொன்னாய். பார்சலில் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு பத்தமடைக் கோரைப் பாய் வைத்திருக்கிறேன். பட்டுப் பாய் இல்லை, முரட்டு ரகம், காலில் உறுத்தும். கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள். காலையில் போனை எடுப்பதற்கு முன்னால் சாக்ஸைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஒரு நிமிஷம் நில். புதுக் கோரை வாசனை கொஞ்ச நாள்தான் இருக்கும், அதற்குள் பார்சல் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
அம்மா